பெங்களூர்ல ரிஸ்க்கான வேலைக்குப் போறீங்களா? எந்த லைசன்ஸ், எந்த ட்ரெய்னிங், யார் கையெழுத்து: முழு வழிகாட்டி

போன மாசம் திருப்பத்தூர்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணான். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு சைட்ல வேலை கிடைச்சிருக்கு, "ஹை ரிஸ்க் லைசன்ஸ்" இருந்தாதான் உள்ள விடுவாங்களாம், மடிவாலால ஒருத்தர் நாலாயிரம் குடுத்தா ரெண்டு நாள்ல எடுத்துத் தர்றேன்னு சொல்றார், குடுக்கலாமா அண்ணேன்னு கேட்டான். குடுக்காதடான்னேன். அந்தப் பேர்ல ஒரு லைசன்சே நம்ம ஊர்ல கிடையாது, ஆஸ்திரேலியால இருக்கு, அங்க சாரம் கட்டுறவன், க்ரேன் ஓட்டுறவன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன் எல்லாருக்கும் அரசாங்கமே ஒரு கார்டு குடுக்கும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இங்க கரண்டுக்கு ஒரு ஆபீஸ், பாய்லருக்கு ஒரு ஆபீஸ், வெடிக்கு ஒரு ஆபீஸ், சில வேலைக்கு ஆபீஸே இல்ல, கம்பெனிதான் பாஸ் குடுக்கும். இந்தக் குழப்பத்துலதான் புரோக்கர் சம்பாதிக்கிறான்.

நான் கேஜிஎஃப்காரன். மாரிக்குப்பத்துல காலைல ட்ரெய்ன் ஏறி பெங்களூர் வந்து ராத்திரி திரும்புற கூட்டத்துல இருபது வருஷமா நானும் ஒருத்தன், அதுல பாதி வருஷம் சேஃப்டி வேலை. எங்க தாத்தா அங்க தங்கச் சுரங்கத்துல, மைன்ஸ்ல, பிளாஸ்டர், அதாவது பாறைக்கு வெடி வைக்கிறவர். 2001 பிப்ரவரி 28ல மைன்ஸை மூடினப்ப அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தது அந்த பிளாஸ்டர் சர்டிஃபிகேட் ஒண்ணுதான், சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருந்தார். காசு குடுத்து வாங்குன பேப்பரை எவனாவது சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுவானா?

முதல் ஸ்டெப்: உங்க வேலைக்கு எந்த ரகப் பேப்பர்னு பிரிச்சுக்கோங்க

மூணு ரகம் இருக்கு. முதல் ரகம் உங்க பேர்ல அரசாங்கம் குடுக்குறது, கம்பெனி மாறினாலும் உங்களோட வரும்: வயர்மேன் பர்மிட், பாய்லர் அட்டெண்டன்ட் சர்டிஃபிகேட், வெடி வைக்கிறவங்களுக்கான ஷாட்ஃபயரர் பர்மிட், ஆர்டிஓ குடுக்குற டிரைவிங் லைசன்ஸ். ரெண்டாவது ரகம் அந்த சைட்டுக்கு மட்டும் கம்பெனி குடுக்குறது: உயரத்துல வேலை செய்ய ஹைட் பாஸ், மெஷின் ஓட்ட ஆபரேட்டர் ஆதரைசேஷன் கார்டு, அன்னன்னிக்கு எழுதுற வொர்க் பர்மிட். அந்த கேட்டைத் தாண்டினா அதுக்கு மதிப்பு இல்ல. மூணாவது ரகம் மெஷினுக்கான பேப்பர், க்ரேனுக்கு டெஸ்ட் சர்டிஃபிகேட், சாரத்துக்கு டேக் மாதிரி. இதை யாரும் உங்க கிட்ட கேக்க மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும். யாராவது ஒரு பேப்பர் காட்டினா இது எந்த ரகம், யார் கையெழுத்து, எந்த தேதி வரைக்கும்னு மூணே கேள்வி கேளுங்க, முக்கால்வாசி டுபாக்கூர் அங்கயே மாட்டிக்கும்.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. 1948ஓட ஃபேக்டரி ஆக்ட், கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஓட பிஓசிடபிள்யூ ஆக்ட் ரெண்டும் இப்ப தொழிலாளர் பாதுகாப்புக்கான ஓஎஸ்ஹெச் கோடு 2020க்குள்ள போயிடுச்சு, 2025 நவம்பர் 21ல அது அமலுக்கு வந்துச்சு. ஆனா சைட்லயும் ஃபேக்டரிலயும் வாய்ல இன்னும் பழைய பேரும் பழைய செக்‌ஷன் நம்பரும்தான் ஓடுது, அதனால நானும் அப்படியே சொல்றேன்.

ரெண்டாவது ஸ்டெப்: கரண்ட் வேலைன்னா ஸ்டேட்டைப் பாருங்க

நம்ம பசங்க அதிகமா ஏமாறுற இடம் இது. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாத்துறது, 250 வோல்ட்டுக்குள்ள இருக்குற வீட்டு சாமான் மாத்துறது, இதுக்கெல்லாம் பர்மிட் தேவையில்ல. அதைத் தாண்டி புதுசா வயரிங் இழுக்குறது, போர்டு போடுறது, லோடு கூட்டுறது எல்லாமே லைசன்ஸ் உள்ள கான்ட்ராக்டர் பேர்ல, காம்பிடென்சி சர்டிஃபிகேட் உள்ள சூப்பர்வைசர் நேரா நின்னு பாக்க, பர்மிட் உள்ள வயர்மேன் செய்யணும். மூணு பேரும் இருக்கணும். நம்ம ஊர்ல பெரும்பாலும் மூணு பேர் இடத்துலயும் ஒரே மேஸ்திரி நிப்பார்.

தமிழ்நாட்டுல எடுத்த சர்டிஃபிகேட்டை வெச்சுக்கிட்டு ஓசூர் தாண்டி வந்துட்டா அது இங்க தானா செல்லும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. செல்லாது. அந்தப் பேப்பர் இந்த ஸ்டேட் கவர்மென்ட் குடுத்ததா இருக்கணும், இல்ல இந்த ஸ்டேட் ஏத்துக்கிட்டதா இருக்கணும். அதனால ஊர் சர்டிஃபிகேட் ஒரிஜினலோட கர்நாடக எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட்ல போய் நில்லுங்க, வயர்மேன், சூப்பர்வைசர், கான்ட்ராக்டர் மூணு அப்ளிகேஷனும் அங்கதான். ரெண்டு வருஷம் ஐடிஐ எலக்ட்ரிஷியனோ வயர்மேனோ முடிச்சவங்களுக்கு வழி சுலபம், அனுபவம் மட்டும் இருக்குறவங்க அதை எழுத்துல காட்டணும். இதுக்காகவே சொல்றேன், ஒரு கான்ட்ராக்டரை விட்டு வரும்போது சண்டை போட்டுட்டு வந்தாலும் பரவால்ல, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும் என்ன வேலை பாத்தேன்னு லெட்டர்ஹெட்ல ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த ஆள் போனே எடுக்க மாட்டான்.

பர்மிட் இருந்தாலும் மெயினை ஆஃப் பண்ணி, யாரும் திரும்பப் போட முடியாதபடி லாக் போட்டு டேக் மாட்டாம பேனல் திறக்காதீங்க. உங்க லாக், சாவி உங்க பாக்கெட்ல. "நான் கீழ நிக்கிறேன், யாரும் போட மாட்டாங்க"ன்னு சொல்றவன் டீ குடிக்கப் போயிடுவான்.

மூணாவது ஸ்டெப்: பாய்லர், வெல்டிங், வெடி

பாய்லர்னா பெருசா மில்லுல நிக்கிறது மட்டும் இல்ல. அழுத்தத்துல நீராவி எடுக்குற 25 லிட்டருக்கு மேல உள்ள மூடின பாத்திரம் எல்லாமே பாய்லர் கணக்குல வந்துடும், பெரிய லாண்ட்ரி, மாஸ் கிச்சன், கார்மென்ட்ஸ் ஃபேக்டரி அயர்னிங் செக்‌ஷன் எல்லாத்துலயும் ஒண்ணு இருக்கும், சின்ன சைஸ்ல சிலதுக்கு விதிவிலக்கு உண்டு. 1923ஓட பழைய சட்டம் போயி இப்ப பாய்லர் ஆக்ட் 2025. சர்டிஃபிகேட் இல்லாத ஆளை பாய்லர் கிட்ட நிறுத்தக் கூடாது. அட்டெண்டன்ட்ல செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், அதுக்கு மேல ஆபரேஷன் இன்ஜினியர்னு படி இருக்கு. சர்டிஃபிகேட் உள்ள ஆள் கீழ ஹெல்பரா சேர்ந்து சர்வீஸ் காட்டி பரீட்சைக்குப் போகணும். இதைப் பாக்குற டிபார்ட்மென்ட் பன்னேர்கட்டா ரோட்ல கார்மிக பவன்ல இருக்கு, ஃபேக்டரி இன்ஸ்பெக்‌ஷனும் அதே டிபார்ட்மென்ட்தான்.

வெல்டிங்ல சாதா ஃபேப்ரிகேஷனுக்கு அரசாங்க லைசன்ஸ் கிடையாது. ஆனா பாய்லர் ட்யூப், ஸ்டீம் பைப்ல கை வைக்கணும்னா இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ்படி குடுக்குற ஐபிஆர் வெல்டர் சர்டிஃபிகேட் வேணும், டெஸ்ட் பீஸ் அடிச்சுக் காட்டி பாஸ் ஆகணும், ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். சம்பளம் நல்லா உயரும், பெங்களூர்ல வெல்டரா இருக்குற தம்பிங்க இதைக் கண்டிப்பா யோசிக்கணும்.

வெடி பத்தி சுருக்கமா. இந்த ஊர் பூரா கீழ கருங்கல், பேஸ்மென்ட் தோண்டினாலே பாறை. 2008ஓட எக்ஸ்ப்ளோசிவ்ஸ் ரூல்ஸ்படி ஷாட்ஃபயரர் பர்மிட் உள்ளவன்தான் வெடி வைக்கணும், நாக்பூர்ல ஹெட் ஆபீஸ் இருக்குற, வெடிபொருளைப் பாக்குற மத்திய அரசு அமைப்பு பெசோதான் இதுக்கு அதிகாரம். மைன்ஸ்ல வாங்குற பிளாஸ்டர் சர்டிஃபிகேட் வேற கணக்கு, அது சுரங்கப் பாதுகாப்பைப் பாக்குற டிஜிஎம்எஸ் குடுக்குறது. பர்மிட் இல்லாம ஹெல்பரா போய் ஓட்டைல மருந்து நிரப்பச் சொன்னா செய்யாதீங்க. எங்க தாத்தா காலத்துல மிஸ்ஃபயர் ஆன, அதாவது வெடிக்காம நின்ன ஓட்டை கிட்ட யாரும் பேசக்கூட மாட்டாங்களாம்.

நாலாவது ஸ்டெப்: ஹைட்ரா, க்ரேன், ஃபோர்க்லிஃப்ட்

ஃபோர்க்லிஃப்டுக்கு லைசன்ஸ் வேணுமா வேணாமான்னு பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியால எந்த டீக்கடைல கேட்டாலும் சண்டை வரும். விஷயம் இதுதான். ஃபேக்டரிக்குள்ளயோ வேற அடைச்ச இடத்துக்குள்ளயோ மட்டும் ஓடுறதுக்குன்னே செஞ்ச வண்டி மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் வண்டியே இல்ல, அதனால ஷெட்டுக்குள்ள ஆர்டிஓ கேக்க மாட்டான். அதே ஃபோர்க்லிஃப்ட் எதிர்ல இருக்குற இன்னொரு ஷெட்டுக்குப் போக ரோட்டைக் குறுக்க தாண்டினா கதை மாறிடும். ரோட்ல வர்ற மொபைல் க்ரேன், ஃபோர்க்லிஃப்ட், ஜேசிபி எல்லாமே "கன்ஸ்ட்ரக்‌ஷன் எக்விப்மென்ட் வெஹிக்கிள்"னு மோட்டார் வாகன விதில இருக்கு, நம்பர் பிளேட் வேணும், ஓட்டுறவனுக்கு அந்த ரகத்துக்கான லைசன்ஸ் வேணும். பீன்யால பத்து அடி ரோட்டைத் தாண்டுறதுக்கு எவன் லைசன்ஸ் பாக்குறான்னு கேப்பீங்க. பைக்ல வர்றவன் ஒருத்தன் வந்து மோதுற அன்னிக்குப் பாப்பாங்க.

ஷெட்டுக்குள்ள ஆர்டிஓ கேக்கலன்னா ட்ரெய்னிங்கே வேணாம்னு அர்த்தம் இல்ல. உருப்படியான கம்பெனி டிரைவிங் லைசன்ஸ், ட்ரெய்னிங் சர்டிஃபிகேட், கண் டெஸ்ட் மூணும் பாத்துட்டு, யார்டுல ஓட்டிக் காட்டச் சொல்லிட்டு, அப்புறம்தான் போட்டோ ஒட்டின ஆதரைசேஷன் கார்டு குடுக்கும். மூணு டன் வண்டிக்குக் குடுத்த கார்டை வெச்சு உயர ரேக்குல சரக்கு எடுக்குற ரீச் ட்ரக் ஓட்டக் கூடாது.

க்ரேன் ஆபரேட்டருக்கு ஸ்கில் இந்தியா வழியா இன்ஃப்ராஸ்ட்ரக்சர் எக்விப்மென்ட் ஸ்கில் கவுன்சில் சர்டிஃபிகேட் கிடைக்கும், அதுல இருக்குற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பாருங்க, பேர் வரலன்னா அது வெறும் காகிதம். ஏற்கனவே பத்து வருஷமா ஓட்டிட்டிருக்கேன், பேப்பர் மட்டும் இல்லைங்கறவங்களுக்கு ஆர்பிஎல்னு ஒரு வழி இருக்கு, முதல்ல இருந்து படிக்க வேணாம், தெரிஞ்ச வேலையைச் சோதிச்சு சர்டிஃபிகேட் குடுப்பாங்க. நம்ம பழைய ஆளுங்க பலருக்கு இதுதான் சரி.

மெஷின் பேப்பருக்கு வர்றேன். தூக்குற மெஷின், செயின், ரோப், ஸ்லிங் எல்லாத்தையும் 12 மாசத்துக்கு ஒரு தடவையாவது அரசாங்கம் அங்கீகரிச்ச காம்பிடென்ட் பர்சன் சோதிக்கணும், ஹாய்ஸ்ட்டும் லிஃப்ட்டும்னா 6 மாசம். சைட்ல இதை டிபிஐன்னு, அதாவது தேர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்லுவாங்க. ஹைட்ரா, அதாவது சைட்ல சுத்துற மொபைல் க்ரேன், வந்து நின்னதும் டிபிஐ தேதி பாருங்க, சேஸிஸ் நம்பர் பொருந்துதான்னு பாருங்க, ஏன்னா ஒரே சர்டிஃபிகேட்டை ஜெராக்ஸ் போட்டு நாலு வண்டில வெச்சுக்கிட்டு சுத்துறதை நானே பிடிச்சிருக்கேன். ஸ்லிங்ல எஸ்டபிள்யூஎல் டேக் இல்லன்னா அது எத்தனை டன் தாங்கும்னு ஆபரேட்டருக்கும் தெரியாது, கடவுளுக்குத்தான் தெரியும். லோடு கட்டுற ரிகரும் சிக்னல் காட்டுறவனும் தனியா ட்ரெய்னிங் எடுத்தவங்களா இருக்கணும், ஆபரேட்டர் ஒரே ஒரு ஆள் கை சிக்னலைத்தான் கேக்கணும். ஆனா நிறுத்துன்னு யார் கத்தினாலும் நிறுத்தணும்.

அஞ்சாவது ஸ்டெப்: ஹைட் வேலை

இதுக்கு அரசாங்க லைசன்ஸ் கிடையாது, ஹைட் பாஸ்தான், கம்பெனி குடுக்குறது. எல்லா சைட்லயும் ரெண்டு மீட்டருக்கு மேல போனா ஹைட் வேலைன்னு கணக்கு சொல்லுவாங்க, சிலர் 1.8ன்னு வெச்சிருப்பாங்க. ஹைட் பாஸ்க்கு முதல்ல டாக்டர் பிபி பாப்பார், கண் பாப்பார், வலிப்பு, தலைசுத்தல் உண்டான்னு கேப்பார், அப்புறம் பலகை மேல நடக்க வைக்கிறது, பெல்ட் மாட்டிக்கிட்டு ஏற வைக்கிறதுன்னு வெர்டிகோ டெஸ்ட். அதுல ஃபெயில் ஆனா வெக்கப்பட ஒண்ணும் இல்ல, கீழ வேலை நிறைய இருக்கு.

நான் சூப்பர்வைசரா இருந்த ஒரு சைட்ல நடந்தது. தர்மபுரி பக்கத்துப் பையன், பத்தொன்பது வயசு, பாஸ் கைல இருக்கு, ட்ரெய்னிங் எடுத்ததா கையெழுத்தும் இருக்கு. நாலாவது மாடி ஓரத்துல வேலை. பெல்ட் போட்டிருந்தான், ஹூக்கை எலக்ட்ரிக்கல் கான்ட்யூட் பைப்ல மாட்டியிருந்தான். கால் வழுக்குச்சு, பைப் பேத்துக்கிட்டு வந்துச்சு, மூணாவது மாடி வலைல விழுந்து கை உடைஞ்சதோட பிழைச்சான். ஆஸ்பத்திரில கேட்டேன், ட்ரெய்னிங்ல ஹூக்கை எங்க மாட்டணும்னு சொல்லித் தரலையாடான்னு. "ஹிந்தில ஏதோ சொன்னாங்கண்ணே, எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, நானும் போட்டேன்"னான். அந்த ஷீட்ல சாட்சிக் கையெழுத்து என்னோடது. இன்னிக்கும் அது உறுத்தும்.

அதனால ட்ரெய்னிங் தமிழ்ல வேணும்னு கேளுங்க. ஃபேக்டரி ஆக்ட் 111ஏ-ல சேஃப்டி விவரம் கேக்குற உரிமையும், உள்ளயே ட்ரெய்னிங் வாங்குறதுக்கோ கம்பெனி செலவுல வெளிய அனுப்பச் சொல்றதுக்கோ உரிமையும் தொழிலாளிக்கு இருக்கு. பெங்களூர்ல தமிழ் தெரிஞ்ச ஆள் இல்லாத சைட் எது, ஒருத்தரைக் கூப்பிட்டு நிறுத்தி சொல்ல வைக்கிறது அப்படி ஒண்ணும் பெரிய வேலை இல்ல.

ட்ரெய்னிங்ல இதெல்லாம் வந்துச்சான்னு பாத்துக்கோங்க. இடுப்பு பெல்ட் இல்ல, ஃபுல் பாடி ஹார்னஸ், அதுல ஐஎஸ் 3521 முத்திரை. ஹார்னஸ்ல இருந்து மாட்டுற இடத்துக்குப் போற கயிறு, அதாவது லான்யார்டு, ரெண்டு, ஒண்ணைக் கழட்டுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு மாட்டியிருக்கணும். மாட்டுற இடம் தலைக்கு மேல, ஒரு காரையே தொங்கவிட்டாலும் தாங்குற மாதிரி. இன்னொண்ணு, நிறைய ட்ரெய்னருக்கே தெரியாத கணக்கு: லான்யார்டு நீளம் சுமார் 2 மீட்டர், ஷாக் அப்சார்பர் பிரிஞ்சா இன்னும் 1.75, உங்க உடம்பு, கொஞ்சம் மிச்சம் எல்லாம் சேர்த்தா கீழ கிட்டத்தட்ட 6 மீட்டர் காலியா இருக்கணும். நாலு மீட்டர் உயரத்துல அந்த பெல்ட்டைக் கால் கிட்ட மாட்டிக்கிட்டு நின்னீங்கன்னா பெல்ட் விரியுறதுக்குள்ள தரை வந்துடும். அங்க கைப்பிடியும் மேடையும்தான் வேணும். விழுந்து தொங்குறவனை சில நிமிஷத்துக்குள்ள இறக்கணும், தொங்கும்போது ரத்த ஓட்டம் தடைபடும், இறக்குற ஆள் யாரு, ஏணி எங்கன்னு காலைலயே கேட்டு வெச்சுக்கோங்க. சாரத்துல பச்சை டேக் இருந்தா ஏறுங்க, சிவப்புன்னா ஏறாதீங்க, டேக்கே இல்லன்னாலும் சிவப்புன்னே வெச்சுக்கோங்க.

ஆறாவது ஸ்டெப்: டேங்க், சம்ப், மேன்ஹோல்

இங்க கொஞ்சம் நிதானமாப் படிங்க. பெங்களூர்ல பெரிய அபார்ட்மென்ட்னாலே பேஸ்மென்ட்ல சாக்கடைத் தண்ணியைச் சுத்திகரிக்கிற ஒரு எஸ்டிபி இருக்கும். மோட்டார் அடைச்சுக்குச்சு, கொஞ்சம் இறங்கிப் பாருப்பான்னு செக்யூரிட்டியையோ பிளம்பரையோ கேப்பாங்க. இறங்கவே கூடாது. சாக்கடை, செப்டிக் டேங்க்ல ஆளை இறக்கி ஆபத்தான சுத்தம் செய்ய வைக்கிறதை 2013ஓட சட்டம் தடை பண்ணிடுச்சு, இறக்குறவனுக்கு முதல் தடவையே 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 2 லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். மெஷினால முடியவே முடியாத சில வேலைக்கு மட்டும், உள்ளாட்சித் தலைமை அதிகாரி எழுத்துல குடுத்தா, முழு பாதுகாப்போட, விதிவிலக்கு இருந்துச்சு. 2025 ஜனவரி 29ல சுப்ரீம் கோர்ட் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஹைதராபாத் ஆறு ஊர்லயும் ஆளை வெச்சு சாக்கடை சுத்தம் பண்றதை நிறுத்தச் சொல்லிடுச்சு. செத்தா 30 லட்சம் நஷ்டஈடுன்னு 2023 அக்டோபர்ல அதே கோர்ட்தான் சொல்லுச்சு. இதுக்கு "ட்ரெய்னிங் சர்டிஃபிகேட் இருக்கு, நீ இறங்கலாம்"னு எவன் சொன்னாலும் அவன் உங்க உயிரை வெச்சு கான்ட்ராக்ட் எடுத்திருக்கான்னு அர்த்தம். இந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுறாங்க, எந்தத் தெருவுல தேடுறாங்கன்னு நம்ம ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஃபேக்டரில கெமிக்கல் டேங்க், பாய்லர் டிரம், சைலோ மாதிரி இடத்துக்கு, அடைச்ச இடத்துல இறங்குறதுக்கான கன்ஃபைன்ட் ஸ்பேஸ் பர்மிட் உண்டு. ஃபேக்டரி ஆக்ட் 36ஆவது செக்‌ஷன்: உள்ள ஆபத்தான வாயு இல்லன்னு காம்பிடென்ட் பர்சன் சோதிச்சு எழுத்துல குடுக்கணும், இல்ல மூச்சுக் கருவியும் பெல்ட்டும் கயிறும் கட்டி, கயிறு நுனியை வெளிய ஒருத்தன் பிடிச்சிருக்கணும். கைல கொண்டு போற லைட் 24 வோல்ட்டுக்கு மேல கூடாது. மீட்டர்ல ஆக்சிஜன் 19.5ல இருந்து 23.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், மேல, நடுவுல, அடில மூணு இடத்துலயும் பாக்கணும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அடில தங்கும், மீத்தேன் மேல ஏறும். அழுகின முட்டை நாத்தம் திடீர்னு நின்னுடுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, வாயு போகல, அளவு ஏறி மூக்கு செத்துப் போச்சு. உள்ள ஒருத்தன் விழுந்தா அவனைத் தூக்க அண்ணன் குதிப்பான், அவனைத் தூக்க மச்சான் குதிப்பான். வெளிய நிக்கிறவனோட முதல் ட்ரெய்னிங்கே குதிக்காம நிக்கிறதுதான், வெளிய இருந்தே, மேல நிக்கிற முக்காலி ட்ரைபாட்ல கயிறு போட்டு இழுக்கணும்.

ஏழாவது ஸ்டெப்: எங்க படிக்கிறது, என்ன வெச்சுக்கிறது

ஓசூர் ரோட்ல கவர்மென்ட் ஐடிஐ, தும்கூர் ரோட் பக்கம் மத்திய அரசோட தொழிற்பயிற்சி நிலையம் என்எஸ்டிஐ, இது ரெண்டும் அரசாங்கத்தோடது, முதல்ல அங்க விசாரிங்க. சேஃப்டி ஆபீசர் ஆகணும்னு நினைக்கிறவங்களுக்கு சென்னைல ரீஜனல் லேபர் இன்ஸ்டிட்யூட் இருக்கு. அங்க அட்வான்ஸ்டு டிப்ளமோ முடிச்சா மதிப்பு தனி. "மூணு நாள் சேஃப்டி டிப்ளமோ"ன்னு மெட்ரோ தூண்ல ஒட்டியிருக்கிறதை நம்பி சேராதீங்க.

கட்டட வேலைன்னா 18ல இருந்து 60 வயசுக்குள்ள, கடைசி 12 மாசத்துல 90 நாள் வேலை பாத்திருந்தா கர்நாடக கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துல கார்டு போட்டுடுங்க, தமிழ்நாட்டு ஆதார்ங்கறதுக்காக வேணாம்னு விட்டுடாதீங்க, வேலை எங்கயோ கார்டு அங்க.

எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு, போட்டோவும் எடுத்து போன்ல வெச்சுக்கோங்க. ஒரிஜினலை எந்த கான்ட்ராக்டர் கைலயும் விடாதீங்க. "வெரிஃபிகேஷனுக்கு"ன்னு வாங்கி வெச்சுக்கிட்டு வேலையை விடும்போது தராம இழுத்தடிக்கிற ஆளுங்க இருக்காங்க, ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலைக் காட்டிட்டு அங்கயே திரும்ப வாங்கிக்கோங்க.

பீன்யா, பொம்மசந்திரால ப்ரெஸ், பெல்ட் ஓடுற இடத்துக்குப் போறவங்களுக்கு இன்னொண்ணு. ஓடுற மெஷின்ல எண்ணெய் விடுறது, பெல்ட் சரி பண்றது 22ஆவது செக்‌ஷன்படி தனியா ட்ரெய்னிங் எடுத்து, ரெஜிஸ்டர்ல பேர் ஏறின ஆள் மட்டும்தான் செய்யணும், அவனுக்கு உடம்போட ஒட்டின டிரெஸ்ஸையும் கம்பெனிதான் குடுக்கணும். உங்க பேர் அந்த ரெஜிஸ்டர்ல இருக்கான்னு கேட்டுப் பாருங்க, அப்படி ஒரு ரெஜிஸ்டர் இருக்குறதே சில சூப்பர்வைசருக்குப் புதுசா இருக்கும்.

முதல் நாள் கேட்டுக்குள்ள போனதும் இண்டக்‌ஷன், அப்புறம் தினமும் காலைல வேலைக்கு முன்னாடி சேஃப்டி பத்திப் பேசுற டூல்பாக்ஸ் டாக், அதுல அன்னிக்கு வொர்க் பர்மிட்டைப் படிப்பாங்க. பர்மிட்ல எழுதின இடமும் நேரமும் நீங்க வேலை பாக்குற இடத்துக்கும் நேரத்துக்கும் பொருந்துதான்னு பாருங்க. மதியம் வேலை இன்னொரு மாடிக்கு மாறிச்சுன்னா காலைல எழுதின பர்மிட் செத்துடுச்சு, புதுசா எழுதச் சொல்லுங்க. புரியாத காகிதத்துல கையெழுத்துக் கேட்டா, "தமிழ்ல ஒரு தடவை சொல்லுங்க சார், போட்டுடறேன்"னு சொல்லிட்டு பேனாவைக் கைல வெச்சுக்கிட்டு நில்லுங்க. மடிவாலா புரோக்கர் கிட்ட போகாத அந்தத் திருப்பத்தூர் தம்பி இப்ப அப்படித்தான் நிக்கிறானாம், முதல் வாரம் எல்லாரும் சிரிச்சாங்களாம், ரெண்டாவது வாரத்துல இருந்து பக்கத்துல இன்னும் மூணு பேர் நிக்கிறாங்களாம்.